கோடு சாரின் கடைசி அரை நாள்

மேடையில் வீற்றிருக்கும் பொது மேலாளர் அவர்களே, பிரிவுத் தலைவர் அவர்களே, மனிதவள மேலாளர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்த நண்பரின் துணைவியாரே, அவருடைய மகளே, நான்கு குழுக்களிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவள். அடுத்தவர் எழுதிய நிரலில் பிழை தேடுவதே என் பிழைப்பு. மேடைப் பேச்சு எனக்கு வராது என்று மனிதவளத் துறைக்குத் தெரியும். அதனால் நான் பேச வேண்டியதை அவர்களே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார்கள். "தான் நேசித்த பணியைச் செய்துகொண்டிருக்கும்போதே அமைதியாக நம்மைப் பிரிந்தார்" என்று தொடங்குகிறது. இதைப் படித்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன்.

வாசலில் அவருடைய துணைவியார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அழகா எதுவும் பேச வேணாம்மா. ஆபீஸ்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, தூங்கு'ன்னுதான் சொல்வாரு. இப்ப அவரும் இல்ல. நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டேன். மேடையில் இருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் பேசத்தான் போகிறேன்.

யார் அவர்? நம் மருந்துச் சீட்டு மென்பொருளை எழுதும் நான்கு குழுக்களில் எங்கள் குழுவின் ஒருங்கிணைப்பாளர். உங்களுக்கெல்லாம் கோடு சார். நிரலை இங்கே 'கோடு' என்போம்; அதை வைத்து அந்தப் பெயரை அவரே வைத்துக்கொண்டார். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்வார்: "நீங்க எழுதறதும் கோடு, நான் போடறதும் கோடு. உங்க கோடு சில நாள் ஓடும், சில நாள் படுத்துக்கும். என் கோடு ஓடாது. அதனால பொய்யும் சொல்லாது."

முன்வரிசையில் இருக்கும் அம்மா, உங்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் குழு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூடி உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு வேலையும் எவ்வளவு கடினம் என்று நாங்களே பேசி அதற்குப் புள்ளி போடுவோம். இரண்டு வாரம் கழித்து, முடித்த வேலைகளின் புள்ளிகளைக் கூட்டினால் அதுதான் எங்கள் வேகம். அதைக் கோடாக வரைந்து சுவரில் ஒட்டுவது உங்கள் கணவரின் வேலை. அடுத்த முறை எவ்வளவு தலையில் ஏற்றிக்கொள்ளலாம், எதை முடியாது என்று சொல்லலாம் என்று அந்தக் கோட்டைப் பார்த்து முடிவு செய்வோம். அவ்வளவுதான். அது எங்களுக்காக நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு.

அவர் இனிமையானவர் என்று சொல்ல வந்தேனா? இல்லை! அவருக்கு நாக்கில் முள். "இன்னைக்குள்ள முடிச்சிருவேன் சார்" என்ற பையனிடம், "அது உன் ஆசை. நான் கேட்டது உன் கணிப்பு" என்பார். ஒரு பெண் முகம் வாடிப்போய்க் கழிப்பறைக்கு ஓடியிருக்கிறாள். ஆனால் அந்த நாக்கு மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் ஒரே மாதிரிதான் பேசியது. இந்தக் கட்டடத்தில் வேறு எந்த நாக்கைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்?

பிறகு நம் பிரிவுத் தலைவர் வந்தார். வந்ததும் கேன்டீனில் ஒரு பெரிய திரையை மாட்டினார். நான்கு குழுக்களின் வேகத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டார். முதலில் வந்த குழு பச்சை, கடைசியில் வந்தது சிவப்பு. சாப்பிடும்போது தலையைத் தூக்கினால் அதுதான் தெரியும்.

கோடு சார் அன்றே போய்ச் சொன்னார். நானும் உடன் இருந்தேன். "சார், ஒவ்வொரு குழுவும் அவங்கவங்க வேலைக்கு அவங்களே புள்ளி போடறாங்க. அவன் படியும் என் படியும் ஒரே அளவு இல்ல. ரெண்டையும் பக்கத்துல வச்சு யார் ஜாஸ்தின்னு கேட்டா எப்படி?"

பிரிவுத் தலைவர் சிரித்தார். "பயமா இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதம் என்ன ஆயிற்று? ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றும் வேலை, அதுவரை ஒரு புள்ளி பெற்றது, மற்ற மூன்று குழுக்களிலும் எட்டுப் புள்ளிக்கு வீங்கிவிட்டது! வேலை அதேதான். ஆட்களும் அதே ஆட்கள்தான். வேகம் மட்டும் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்த மூன்று குழுக்களுக்கும் கைதட்டல், பதவி உயர்வு, மேடை. நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எங்கள் குழுப் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "சார், எல்லாரும்தான் போடறாங்க. நாம மட்டும் என்ன பெரிய யோக்கியமா? கொஞ்சம் கூட்டிப் போட்டா யாருக்கு நஷ்டம்?"

"கூட்டிப் போட்டுட்டு, நிஜமா எவ்வளவு முடியும்னு எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார். "நாளைக்கு அவங்க இதைவிட இன்னும் கேப்பாங்க. அப்ப ராத்திரி உக்காந்து செய்யப் போறது நான் இல்ல, நீங்கதான்."

 எங்கள் குழு சிவப்பிலேயே நின்றது.

மாதாந்திரக் கூட்டம், இதே மண்டபம். பிரிவுத் தலைவர் கோடு சாரை மேடைக்கு அழைத்தார். ஒரு பிளாஸ்டிக் ஆமையைக் கையில் கொடுத்தார். "இது உங்க குழுவோட மேஜையிலேயே இருக்கட்டும் சார். என்னைக்காவது இதை முந்திட்டீங்கன்னா திருப்பிக் கொடுங்க!" மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். தோளுக்கு மேல் வளர்ந்த பெண்ணுக்குத் தகப்பன். ஆமையைக் கையில் வைத்துக்கொண்டு, புகைப்படம் எடுத்து முடிக்கும்வரை நின்றார்.

அது வெளியார் செய்தது. வீட்டார் செய்தது என்ன தெரியுமா? மறுநாள் காலை, அந்த ஆமையின் முதுகில் அவருடைய அடையாள அட்டைப் படத்தை நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவர்கள் எங்கள் குழுப் பிள்ளைகள். இதோ மூன்றாவது வரிசையில் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தலையைக் குனிய வேண்டாம், தம்பிகளே! அன்று குனியவில்லையே! அவர் வந்து அதைப் பார்த்தார். "மூக்கு மட்டும் சரியா ஒத்துப்போகுது" என்று சொல்லிவிட்டுக் கணினியைத் திறந்தார். அன்று முழுவதும் அவர் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் சும்மா இருந்தாரா? இல்லை. இன்னொரு கோடு வரையத் தொடங்கினார். நாம் அனுப்பிய மென்பொருளில் மருத்துவமனைகள் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் பிழைகளின் கோடு. எண்ணிக்கையை எடுத்துக் கொடுத்தவள் நான். எந்தக் குழுவின் வேகம் மேலே ஏறியதோ, அதே குழுவின் பிழைக் கோடும் கூடவே ஏறியது. பச்சையில் இருந்த முதல் குழுவின் வேலையில் ஒரு பிழை. ஒரு நோயாளியின் சீட்டை மூடிவிட்டு அடுத்தவருடையதை உடனே திறந்தால், சில நேரம் முந்தையவரின் மருந்தளவே திரையில் நிற்கும். ஒரு செவிலி அதைக் கவனித்தார். பெரியவர் ஒருவருக்கான அளவு ஒரு கைக்குழந்தையின் சீட்டில் அச்சாகியிருந்தது. மருந்தை ஊசியில் ஏற்றிய பிறகு அவர் கை நின்றது. அவருக்கு மட்டும் சந்தேகம் வந்திராவிட்டால்?

கோடு சார் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனார். பிரிவுத் தலைவர் அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

"இந்தக் கோடு வாடிக்கையாளர் கூட்டத்துல வேண்டாம்."

"சார், குழந்தை சார்."

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே! ஆகாததுக்கெல்லாம் கோடு போட்டா கம்பெனி என்ன ஆகறது?"

கூட்டத்தில் மருத்துவமனைக்காரர்களின் முன்னால் கோடு சார் அந்தக் கோட்டைப் போட்டார். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அந்தப் பிழை அன்று மாலைக்குள் சரிசெய்யப்பட்டது. எத்தனையோ வாரமாக நேரமில்லை என்று தள்ளிப்போட்ட வேலை!

அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன? குழுவைப் பறித்தார்கள். நகல் இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள ஜன்னல் இல்லாத அறையில் உட்கார வைத்தார்கள். "திறன் மேம்பாட்டுத் திட்டம்" என்று அதற்கு ஒரு பெயர். மணிக்கொரு முறை என்ன செய்தேன் என்று பதிவு போட வேண்டும். செய்ய வேலை கொடுக்கமாட்டார்கள். ஆனால் என்ன செய்தாய் என்று கேட்பார்கள்! வெள்ளிக்கிழமை தோறும் மனிதவள மேலாளர் அம்மா அவரை எதிரில் உட்கார வைத்து, "இந்த வாரமும் உங்க கோடு சிவப்புதான் சார்" என்பார். வாழ்நாள் முழுவதும் கோடு வரைந்தவருக்கு வேறொருவர் கோடு வரைந்தார்.

எங்கள் குழுவுக்கு வேறு ஒருங்கிணைப்பாளர் வந்தார். புள்ளிகள் வீங்கின. நாங்களும் பச்சைக்கு வந்தோம். கேக் வெட்டினார்கள். அந்தச் சத்தம் அந்த அறைக்குக் கேட்கும். சுவர் பலகைச் சுவர்தான்.

நான் தினமும் மதியம் தேநீர் எடுத்துக்கொண்டு போவேன். ஒருநாள் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "என்ன சார், டாக்டர்ட்ட போனீங்களா?" என்றேன். "லீவு கேட்டேன்மா. திட்டத்துல இருக்கும்போது லீவு எடுத்தா அதுவும் சிவப்புல சேருமாம். இந்த மாசம் முடியட்டும்" என்றார். யார் அப்படிச் சொன்னது என்று நான் கேட்கவில்லை. மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

போன திங்கட்கிழமை நான் தேநீரோடு போனபோது அவர் மேஜையில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். திரையில் ஒரு பெட்டி வந்து வந்து மறைந்துகொண்டிருந்தது. "உங்கள் பதிவு நிலுவையில் உள்ளது." மூடினேன். மறுபடியும் வந்தது. அவர் கை சில்லிட்டிருந்தது. அதற்கு முன்னால் அந்த வழியாக எத்தனை பேர் நகல் எடுக்கப் போயிருப்பீர்கள்! கதவு திறந்துதான் இருந்தது.

அமைதியாகப் பிரிந்தாராம்! நேசித்த பணியாம்!

இன்னும் முடியவில்லை. அவருடைய கடைசிச் சம்பளச் சீட்டு வீட்டுக்குப் போனது. அதில் திங்கட்கிழமைக்கு நேராக அரை நாள் விடுப்பு என்று இருந்தது. மகள் தொலைபேசியில் கேட்டிருக்கிறாள். "அப்பா அங்கதானே மேடம் இறந்தாரு?" மனிதவளத் துறையின் பதில், அந்தப் பெண் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்: "ஆமாம்மா, ஆனா மதியத்துக்கு மேல பதிவு இல்லைல்ல? சிஸ்டம் தானா போட்டுடும். எங்க கையில எதுவும் இல்ல."

எங்கள் கையில் எதுவும் இல்லை! எவ்வளவு சுத்தமான கைகள், பாருங்கள்!

பிரிவுத் தலைவர் அவர்கள் எழுந்து போகிறார்கள். போகட்டும். வழி விடுங்கள். பொது மேலாளர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். முடித்துவிடுகிறேன்.

அவர் நம் நெஞ்சங்களில் வாழ்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். இந்த நெஞ்சங்களில் இடம் இருந்திருந்தால் அவர் ஏன் அந்த அறையில் இருந்திருக்கப் போகிறார்? அவர் வென்றார் என்றும் சொல்லமாட்டேன். அம்மா, உங்கள் கணவர் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர்கள் நல்ல ஆரோக்கியத்தோடு இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். இதைத்தான் அவர் உங்களிடம் சொல்லாமல், தூங்கு என்று சொன்னார்.

அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது இந்த மாதிரிக் கூட்டத்தின் வழக்கம். சரி, எடுக்கிறேன். அவரை அந்த அறையில் உட்கார வைத்த பிறகு அந்தப் பிழைக் கோட்டை யாரும் வரையவில்லை. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது நான்கு குழுக்களின் கோடும் ஏறிக்கொண்டிருக்கிறது, எங்கள் குழுவினுடையதும்தான். நாளைக்கு மருத்துவமனைக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் நான் அதைப் போடுவேன். என்னோடு வந்து பக்கத்தில் உட்கார யார் தயார்? கையைத் தூக்குங்கள்.

எங்கள் குழு? தம்பிகளே?

ஒருவரும் இல்லை. பரவாயில்லை. கடன் இருக்கும், குழந்தை இருக்கும், எனக்குப் புரிகிறது. அவருக்கும் இருந்தது.

அடுத்ததாக எல்லோரையும் எழுந்து நின்று மௌனம் காக்கச் சொல்வார்கள். நிற்காதீர்கள். உங்களிடம் இருந்த மௌனத்தையெல்லாம் அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துத் தீர்த்துவிட்டீர்கள்.