புள்ளி மறையும் தூரம்

— நோட்டை மூடாத, கஜி. காட்டு. மெடிக்கல் என்ட்ரன்ஸுக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. சைக்காலஜி பேப்பர்ல ஒரு கேள்விகூடப் போடாம என்னத்தையோ அளந்து அளந்து எழுதி வச்சிருக்க.

— மெதுவாக் கதை, கயல். லைப்ரரியில எல்லாரும் திரும்பிப் பார்க்கினம்.

— சரி, மெதுவாவே கேக்கறேன். என்ன இதெல்லாம்?

— என்ர கண். எனக்குக் கண் போகுது எண்டு நினைக்கிறன்.

— என்னடி சொல்ற?

— பெர்செப்ஷன் பாடத்தில ஒரு சோதனை இருக்கெல்லோ? தாளில ஒரு சிலுவை, பக்கத்தில ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சிலுவையையே பார்க்கவேணும். தாளை மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவந்தா ஒரு இடத்தில புள்ளி காணாமல் போகும். சும்மா விளையாட்டாத்தான் செய்து பார்த்தன். போனது போனதுதான், கனநேரம் திரும்பி வரேல்லை. அண்டைக்குத் தொடங்கினது. ஒன்பது நாளா விடிய எழும்பினவுடன அதைத்தான் அளக்கிறன்.

— எல்லாருக்கும்தான் மறையும். கண்ணுல இருந்து நரம்பு வெளிய போற இடத்துல பார்வையே கிடையாது. நான் மெட்ராஸ்ல இருந்து இந்தப் பனி ஊருக்கு வந்து ரெண்டு வருஷமா லேப்ல இதைத்தானே பண்றேன்.

— தெரியும். எத்தினை தரம் வாசிச்சனான். ஆனா இவ்வளவு பெரிசா இருக்குமோ? நேற்று வீட்டுப் படியில கம்பியைப் பிடிச்சுக்கொண்டுதான் இறங்கினன். பார்க் மெட்ரோ ஸ்டேஷனில ஆராவது பக்கத்தால வந்தாலே நெஞ்சு திடுக்கிடுது. கண் தெரியாத ஆளை ஆர் டொக்டருக்குப் படிக்க எடுப்பினம்?

— அளக்கிறவளும் நீ, பயப்படறவளும் நீ. இப்படி ஒரு டேட்டாவை எங்க ப்ரொஃபசர்கிட்ட கொண்டுபோனா படிக்காமலே திருப்பிக் குடுத்துருவார். ஒப்பிட்டுப் பாக்க வேற ஒருத்தர வச்சு செஞ்சியா? ஒரு கண்ட்ரோல்?

— அம்மாவை வைச்சுச் செய்தன், செவ்வாய்க்கிழமை. அதுக்குப் பிறகுதான் எனக்கு நித்திரையே இல்லாமல் போனது. அவவுக்கு ஒருக்காலும் மறையேல்லை, கயல். எந்தத் தூரத்தில பிடிச்சாலும் ‘ஓம் பிள்ளை, தெரியுது’ எண்டவ. அவவுக்கு ஐம்பத்தாறு வயசு. எனக்கு இருபத்திரெண்டு.

— தாளைக் குடு. நானே பண்ணிப் பாக்கறேன். நீ ஸ்கேலைப் பிடி.

— இடது கண்ணைப் பொத்து. சிலுவையை மட்டும் பார்.

— இருக்கு... இருக்கு... போச்சு. எவ்வளவு?

— முப்பத்தாறு சென்டிமீட்டர். இன்னும் கிட்டக் கொண்டுவா.

— காணோம்... இன்னும் காணோம்... இப்ப வந்துடுச்சு.

— இருபத்தஞ்சு.

— உன்னோடது?

— முப்பத்தேழில போகுது. இருபத்தஞ்சில வருது.

— அப்புறம் என்ன? என் கண்ணும் உன் கண்ணும் ஒண்ணுதான், லூசு. ஏய், அழாத.

— அழேல்லை. இப்பத்தான் மூச்சு வருது.

— தண்ணி குடி. ஆனா கஜி, அம்மாவுக்கு மறையவே இல்லன்னு சொன்னியே.

— ஓம்.

— அப்படி ஒரு கண்ணே கிடையாது. யாரா இருந்தாலும் மறைஞ்சே ஆகணும்.

— கண்ணை அசைச்சிருப்பா. வேலையால களைச்சுப்போய் வந்தவ. சென்ட் லோரன்ட்டில ஒரு ஃபாக்டரியில மருந்துப் பெட்டி அடுக்கிறது, எட்டு மணித்தியாலம் நிண்டபடி.

— இருக்கலாம். நாங்க லேப்ல நடுவுல ஒரு தடவை எதையுமே காட்டாம ‘தெரியுதா’ன்னு கேப்போம். அதுக்கும் தெரியுதுன்னு சொன்னா, அவங்க பாத்துச் சொல்லலன்னு புரிஞ்சுக்குவோம். நீ அந்த மாதிரி எதுவும் பண்ணலைல்ல?

— இல்லை... வேணுமெண்டு செய்யேல்லை.

— ஏன் இழுக்கிற?

— மற்றக் கண்ணுக்குப் புதுசா ஒரு தாள் கீறினனான். அவசரத்தில சிலுவையை மட்டும் கீறிப்போட்டுப் புள்ளி வைக்க மறந்துபோனன். எல்லாம் முடிஞ்சு நோட்டுக்குள்ள வைக்கேக்கதான் கண்டன். என்ர மறதியை நினைச்சுச் சிரிப்புத்தான் வந்தது.

— அந்தத் தாளுக்கு அம்மா என்ன சொன்னாங்க?

— தெரியுது எண்டவ. ஏழு தரமும்.

— கஜி, அம்மா எங்கயாவது போய் இடிச்சுக்கறாங்களா?

— வலது தோளில நீலமாக் கண்டல் இருக்கு. கதவு இடிச்சதெண்டவ. போன மாசம் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில வைக்கிறன் எண்டு விளிம்புக்கு வெளியில விட்டவ. நான் அவவை ஏசினன், கவனமில்லை எண்டு. கடவுளே... இண்டைக்குச் சனிக்கிழமை.

— அதுக்கென்ன?

— சனிக்கிழமையில ஜான்-டலோன் சந்தைக்குப் போறவ. காரில, தனிய.

— வெளிய வா, படிக்கட்டுக்குப் போவோம். போன் போடு. ஸ்பீக்கர்ல போடு.

— அடிக்குது. எடுக்கிறா இல்லை. ஓடிக்கொண்டிருக்கேக்க போனைத் தேடி ரோட்டைப் பார்க்காமல் விட்டா? என்னாலதான் ஏதாவது நடந்தா?

— போனை வச்சிடு அப்போ. இல்ல, வைக்காத, எடுத்துட்டாங்க.

— அம்மா? எங்க நிக்கிறீங்கள்?

— காருக்குள்ள, பிள்ளை. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?

— ஒண்டும் கேக்காமல் காரை ஓரமா நிப்பாட்டுங்கோ.

— என்ன நடந்தது? அப்பாவுக்கு ஏதும்?

— அப்பாவுக்கு ஒண்டுமில்லை. செவ்வாய்க்கிழமை நான் காட்டின ரெண்டாவது தாளில புள்ளியே இல்லையம்மா. நீங்கள் தெரியுது எண்டனீங்கள்.

— முதல் தாளிலயும் நான் புள்ளியைக் காணேல்லை, பிள்ளை. நீ உன்ர கண் போகுது எண்டு சொல்லிச் சொல்லித் தாளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாய். எனக்கும் தெரியேல்லை எண்டா நீ இன்னும் பயந்து டொக்டர் சோதினையையே விட்டுடுவாய் எண்டு நினைச்சன்.

— எவ்வளவு காலமா இப்பிடி?

— பனி கொட்டத் தொடங்கின நேரத்தில இருந்து. நடுவில நல்லாத் தெரியும். ரெண்டு பக்கமும் சுவர் கட்டினமாதிரி. நாளாக நாளாக அந்தச் சுவர் கிட்ட வருது. அப்பாவுக்குச் சொல்லிப்போடாத.

— பக்கத்தால ஆராவது குறுக்க வந்தா உங்களுக்குத் தெரியாது. கெஞ்சிக் கேக்கிறன், நிப்பாட்டுங்கோ. நானும் கயலும் பஸ்ஸில வாறம்.

— நிப்பாட்டுறதுக்கு நான் இன்னும் வீட்டுக்குத் திரும்பி வெளிக்கிடவே இல்லைப் பிள்ளை. வரேக்க பக்கத்தால வந்த ஒரு சைக்கிள்காரப் பெட்டை என்ர காரில அடிபடாமல் மயிரிழையில தப்பினவள். ஒன்றரை மணித்தியாலமா இந்தச் சந்தைப் பார்க்கிங்கிலயே, சாவியைக் கையில வைச்சுக்கொண்டு, ஆரைக் கூப்பிடுறதெண்டு தெரியாமல் இருக்கிறன்.