ஒரு நாள் குஞ்சின் நிறம்

சில்க்கி கோழி கொத்தாது ஐயா. கையில் எடுத்தால் பூனைக்குட்டி மாதிரி அப்படியே உட்கார்ந்துகொள்ளும். இறகு பஞ்சாக இருக்கும், உள்ளே தோல் மட்டும் கறுப்பு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் மச்சினி கொடுத்த புகாரில் ‘கொலைகாரக் கோழிகள்’ என்று ஒரு வரி இருக்கிறது. கோழிகள் பாவம், அவற்றை விட்டுவிடுங்கள். கோழி மேல் இருந்த ஆசையில் நான் அவளுடைய அக்காவைச் சாகவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறாள். அதுவும் சரியில்லை. வரிசையாகவே சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் கடையில் இருபத்தாறு வருஷம் கலர் கலந்தவன் நான். தெருவில் கலர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும், அதே நிறத்தைப் பத்து நிமிஷத்தில் கலந்துவிடுவேன். என் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். துணிக்கு ஏற்ற நூலை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாள், எடுத்துவிடுவாள். ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், நான் கலந்து மூடப்போன டப்பாவை எட்டிப் பார்த்து, “இதுல பச்சை தூக்கலா இருக்குங்க” என்றாள். முதலாளி இருந்தார், வாங்க வந்தவர் இருந்தார். பலகையில் பூசிப் பார்த்தார்கள். பச்சை தூக்கலாகத்தான் இருந்தது. “கலர்காரரே, பேசாம வீட்டம்மாவை இங்க அனுப்பிட்டு நீங்க தையல் மெஷின்ல உக்காருங்க” என்றார் முதலாளி. கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்ய.

அதற்குப் பிறகுதான் கோழி வளர்க்க ஆரம்பித்தேன். வெள்ளை, கறுப்பு, சந்தன நிறம் எல்லாம் யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம். எனக்கு லாவெண்டர் வேண்டும். லாவெண்டரையும் நீலத்தையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. பார்வைக்கு இரண்டும் சாம்பல்தான். லாவெண்டர் தலையிலிருந்து வால் வரை ஒரே சீராக வெளுத்திருக்கும். நீலத்துக்குக் கழுத்தில் கறுப்பு தங்கிவிடும். வெளியே கறுப்பாகத் தெரிகிற சேவலும் பெட்டையும் உள்ளே லாவெண்டரை மறைத்து வைத்திருந்தால், நாலு குஞ்சில் ஒன்று லாவெண்டராகப் பிறக்கும். அப்படி ஒரு ஜோடிக்காக ஆறு வருஷம் அலைந்து, கடைசியில் ஒன்று வாங்கினேன். சேவலை வெயிலில் பார்த்த அன்றே அவள், “இது கறுப்பு இல்லீங்க, கருநீலம்” என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

அந்த ஜோடிக்குப் பதினாலு குஞ்சு பொரித்தது. ஏழு கறுப்பு, ஏழு சாம்பல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு அப்போது ஒரு வருஷமாக இருமல். இருமிக்கொண்டே வந்து ஒரு சாம்பல் குஞ்சை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

“இது நீலம்ங்க.”

“பொறந்து ஒரு நாள்கூட ஆகல. அதுக்குள்ள உனக்கு என்னடி தெரியும்?”

“லாவெண்டர்னா நாலுக்கு ஒண்ணுதான் வரும்னு நீங்கதானே சொன்னீங்க. பாதிக்குப் பாதி வந்திருக்கே. சேவல் நீலமா இருந்தாத்தான் இப்படி வரும்.”

அதிர்ஷ்டம் இருந்தால் பாதியும் வரும் என்றேன். இறகு முளைக்க இரண்டு மாசம் ஆகும், முளைக்கட்டும், உன் வாயாலேயே லாவெண்டர் என்று சொல்லவைக்கிறேன் என்றும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே தைக்கப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்காது.

நாலாவது நாள் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கோழி இறகுத் தூசி இவங்களுக்கு ஒத்துக்கல. நுரையீரல் இறுகிக்கிட்டே வருது. வீட்ல இனிமே ஒரு குஞ்சுகூட இருக்கக் கூடாது. இருந்தா ரெண்டு மூணு மாசம் தாங்குறதே கஷ்டம்.” எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்துவிட்டேன் என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

பெரிய கோழிகளையும் கறுப்புக் குஞ்சுகளையும் ஒரு பண்ணைக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். தெருவே பார்த்தது. மச்சினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அக்காவை உடம்பு தேறட்டும் என்று தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சாம்பல் குஞ்சுகள் ஏழையும் நான் கொடுக்கவில்லை. எங்கள் படுக்கையறைக்குப் பின்னால் தட்டுமுட்டுச் சாமான் போடும் சின்ன அறை ஒன்று உண்டு. நடுச்சுவரின் உச்சியில் காற்றுக்காக ஓட்டை விட்டிருப்பார்கள். அந்த அறையில் பெட்டி வைத்து, சூட்டுக்குப் பல்பு போட்டு, கதவைப் பூட்டிவைத்து, கண்ணும் கருத்துமாக வளர்த்தேன்.

மூணே வாரத்தில் மச்சினி போன் பண்ணினாள். “மாமா, அக்கா ரெண்டு மாடி ஏறிப் போய் துணி காயப்போடுது. இருமலே இல்ல.” மறுநாளே நான் கூப்பிடப் போனேன்.

இந்த இடத்தில்தான் புகார் தப்பாகப் போகிறது. கோழி மேல் ஆசை என்றால் அவளை அங்கேயே விட்டுவிட்டு நிம்மதியாக வளர்த்திருக்க மாட்டேனா? குஞ்சுகளுக்கு இறகு வர ஆரம்பித்திருந்தது. அவள் பார்க்காமல் அது லாவெண்டராக இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்?

“இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுமே மாமா” என்றாள் மச்சினி.

“வீடு வெறிச்சோடிக் கிடக்கும்மா” என்றேன்.

என் மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு. தங்கை தடுக்கத் தடுக்கப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

படுக்கையறைக்குப் புது பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். மூணாவது நாள் இருமல் திரும்பியபோது பெயிண்ட் வாடைதான் காரணம் என்றேன். நம்பினாள். “கோழி வாசனை அடிக்குதே” என்று ஒருநாள் கேட்டாள். “இத்தனை வருஷத்து வாசனை லேசுல போயிடுமா?” என்றேன். அதையும் நம்பினாள். சத்தம் கேட்டால் அணில். டாக்டரிடம் மறுபடி போனபோது அவர், “கோழியெல்லாம் போயிடுச்சா?” என்று என்னைத்தான் கேட்டார். அவள் முந்திக்கொண்டு, “எல்லாத்தையும் குடுத்துட்டார் டாக்டர். எனக்காக” என்றாள். நான் தலையாட்டினேன். டாக்டர் மருந்தை மாற்றி எழுதினார்.

குஞ்சுகளுக்கு எட்டாவது வாரம். அவளால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. மத்தியானம், ஜன்னலில் நல்ல வெளிச்சம். ஏழில் நல்லதாக ஒன்றை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். “இப்ப சொல்லு” என்றேன்.

அவள் அதன் கழுத்தை விரலால் விலக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது எங்கங்க இருந்துச்சு?”

“பின்னாடி ரூம்லதான்.”

“நான் வந்ததுல இருந்தா?”

“ஆமாம். கலரைச் சொல்லு.”

அவள் சொல்லவில்லை. கோழியைத் தள்ளிவிடவும் இல்லை, தடவிக்கொண்டே இருந்தாள். அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவே இல்லை. மூணாம் நாள் காலையில் போய்விட்டாள்.

அடுத்த வாரம் கோழிக் கண்காட்சியில் நடுவராக இருப்பவரை வீட்டுக்கு வரவழைத்தேன். அவர் ஒன்றை வெயிலுக்குத் தூக்கிப்போய்க் கழுத்தில் ஊதிப் பார்த்தார். “நீலம். நல்ல நீலம்தான். லாவெண்டர்னு உங்களுக்கு யார் சொன்னது?” என்றார். அக்காவின் துணிமணிகளை எடுக்க வந்த மச்சினி அப்போது வாசலில் நின்றிருந்தாள். பின்னறைக் கதவும் திறந்துதான் கிடந்தது. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஆக, டாக்டர் சொன்னது தெரிந்தே குஞ்சுகளை வைத்திருந்தேன். தேறிக்கொண்டிருந்தவளைப் பொய் சொல்லிக் கூட்டிவந்தேன். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுக்கவைத்தேன். அவள் சாவுக்கு நான்தான் காரணம். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஒரு நாள் குஞ்சில் நீலமா லாவெண்டரா என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் குருட்டாம்போக்கில்தான் சொன்னாள்.