கரும்பலகையில் ஜோதிகா பெயர்

பெயர்: பாண்டீஸ்வரி. வயது: 24. த/பெ: செல்லப்பாண்டி. முகவரி: தெற்குத் தெரு, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை வட்டம். தொழில்: தனியார் பள்ளி ஆசிரியை. நாள்: 22.11.2024.

மேலே கண்ட முகவரியில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். பி.எஸ்சி. கணிதம், பி.எட். படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கடந்த ஜூன் முதல் திருச்சுழி சாலையில் உள்ள பள்ளியில் ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். நேற்று பள்ளியிலிருந்து காணாமல் போன ஜோதிகா, வயது 12, அதில் ஒருத்தி.

ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரை வகுப்புத் தலைவி போர்டில் எழுதி வைப்பாள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவாள். நான் படித்தபோதும் இதே வழக்கம்தான். இந்த வகுப்பின் தலைவி ரோஷினி. கையெழுத்து அழகாக இருக்கும். ஆகஸ்ட் மாதத்தில் ஜோதிகாவின் பெயர் அடிக்கடி போர்டில் இருந்தது, அதன் பிறகு தினமும் இருந்தது, குறிகளும் கூடிக்கொண்டே போயின. நான் அவளை ஒரு பாடவேளை முழுக்க வராந்தாவில் நிற்க வைப்பேன். அவள் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போவாள். நான் உள்ளே போடும் கணக்கை, நோட்டைச் சுவரில் வைத்து எழுதிக்கொள்வாள். அவள் எழுந்து போகும்போது வகுப்பு சிரிக்கும். "ஏலே, இன்னைக்கும் ஊமைச்சி பேசிட்டாளாம்லே" என்று பின்பெஞ்சில் சொல்வார்கள். அது என் காதில் விழுந்திருக்கிறது. ஊமைச்சி என்று அவர்களே பட்டம் வைத்த பிள்ளை எப்படித் தினமும் பேசுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

20ஆம் தேதி புதன்கிழமை காலை வருகைப் பதிவேட்டில் ஜோதிகாவுக்கு ஆப்சென்ட் போட்டது நான்தான். அதன் பிறகு மூன்றாம் பாடவேளைக்குப் போனபோது போர்டில் அவள் பெயர் ஆறு பெருக்கல் குறிகளோடு இருந்தது. பழக்கத்தில் "ஜோதிகா, வெளிய போ" என்றேன். அவள் இடம் காலியாக இருந்தது. முப்பத்தேழு பேரும் சிரித்தார்கள். அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. போர்டை அழித்துவிட்டுப் பின்னங்கள் பாடம் நடத்தினேன். வகுப்பு சேர்ந்து சிரித்தால் எனக்குக் குரல் எழும்பாது.

நேற்று 21ஆம் தேதி ஜோதிகா வந்திருந்தாள். மூன்றாம் பாடவேளைக்கு நான் நுழைந்தபோது போர்டில் அவள் பெயர் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் புத்தகத்தைத் திறந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளாகவே நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் கூப்பிடவில்லை. பெல் அடித்த பிறகு வெளியே வந்து பார்த்தேன், நோட்டு மட்டும் வராந்தாத் தரையில் இருந்தது. அன்றைய கணக்கைச் சரியாகப் போட்டிருந்தாள். தண்ணீர் லாரி வருவதற்காக கேட் திறந்து கிடந்தது.

அதன் பிறகு அவள் தாயார் ராக்கம்மாள் மில்லிலிருந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். "டீச்சர், எம்புள்ள வீட்லயே வாயத் தொறக்காதே. இங்க வந்து என்னத்தப் பேசுச்சு?" என்று கேட்டார். 

அதன் பிறகு தாளாளர் சௌந்தரபாண்டியன் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "பாத்ரூம் போகணும்னு கேட்டுட்டுப் போச்சுன்னு சொல்லிருங்கம்மா. உங்களுக்கும் நல்லது, வேலையும் இருக்கும்" என்றார். நான் தலையாட்டினேன்.

மாலை ஏழு மணிக்கு ஜோதிகா வீரசோழன் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. மகளிர் இலவசப் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போயிருக்கிறாள். காயம் எதுவும் இல்லை. அங்கே கடைக்காரர் ஒருவர் அவளுக்கு டீயும் பன்னும் கொடுத்து, பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். அவள் எல்லாவற்றுக்கும் "நான் பேசல டீச்சர்" என்று ஒரே பதிலைச் சொன்னதாக, அவளை அழைத்து வந்த பெண் காவலர் என்னிடம் தெரிவித்தார்.

ஜோதிகா பாத்ரூம் போக அனுமதி கேட்கவில்லை. அவள் பேசவும் இல்லை. முந்தின நாளே அது எனக்குத் தெரியும்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, எதையும் மாற்ற வேண்டியதில்லை.

(ஒப்பம்) செ. பாண்டீஸ்வரி