சாம்பிள் பனியன்

– மூணு வருசமுங்களா பாய்? நெசமாத்தானுங்களா? இன்னொருக்கா படிங்க.

– மூணு வாட்டி படிச்சாச்சு ரத்தினசாமி. கேட்டுக்க. போன வருசம் வரைக்கும் சிங்கப்பூருல ஒரே வருசத்துக்குத்தான் தங்குற விசா, அதுவும் தனியாளுக்கு. இந்த எழுபத்திரண்டு பொறந்ததும் சட்டத்தை மாத்திட்டாங்க. கைத்தொழில் தெரிஞ்சவன்னு பரீட்சையில தேறிட்டா மூணு வருசம். கூடவே சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போகலாம்.

– ஏ முத்தாயி, அடுப்பை அமத்திப்போட்டு இங்க வா. பசீர் பாய் அவரு சரக்கு அனுப்புற கம்பெனியில இருந்து காயிதம் கொண்டாந்திருக்கறாரு. நாம அனுப்புன சாம்பிள் பனியன் பாசாயிருச்சு. நீயும் சிங்கப்பூரு வர்ற புள்ள.

– நானுங்களா? கப்பல்லீங்களா?

– பொறவு? நாகப்பட்டணத்துல ஏறுனா ஒரு வாரம். ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி உருக்கி ஒரு டின்னு நெய் கொண்டுக்கிட்டுப் போயிரலாம். அங்க அதெல்லாம் எங்க கெடைக்கப் போகுது.

– கப்பல்ல வாந்தி வருமுன்னு சொல்லுவாங்க. வந்தா வரட்டும். ஏனுங்க மாமா, போன வருசம் தனியாளாப் போறேன்னு ஒத்தக்கால்ல நின்னீங்களே. நான் அழுதப்ப என்ன சொன்னீங்க?

– அதெல்லாம் இப்ப எதுக்கு.

– ‘ஒரு வருசந்தான முத்தாயி, கண்ணை மூடித் தொறந்தா ஓடிப்போயிரும்’னீங்க. பாய், நல்லவேளை அந்தக் கம்பெனிக்காரரு அப்ப வேண்டாமுன்னுட்டாரு. இவரு போறதுக்கு முந்தியே எனக்குக் கண்ணு மூடலீங்க.

– அதான் இப்ப சேந்து போறமே புள்ள. பாய், எப்பக் கெளம்போணும்?

– பொறுப்பா, பொறு. இன்னும் ஒரு பக்கம் இருக்கு. உன் பனியனை ரொம்பப் புகழ்ந்து எழுதியிருக்கான். கேட்டுக்க. ‘கழுத்துப் பட்டி எந்த இடத்துல ஆரம்பிச்சு எந்த இடத்துல முடிஞ்சிருக்குன்னே தெரியலை. இழுத்தா விரியுது, விட்டா பழையபடி ஒட்டிக்குது. இந்தக் கை எங்களுக்கு வேணும்.’

– கழுத்துங்களா?

– கழுத்தேதான். வர்ற பதினெட்டாம் தேதி மெட்ராசுல அவங்க ஆளு முன்னால மெஷின்ல உக்காந்து, இதே மாதிரி பத்துக் கழுத்து வெச்சுக் காட்டணும். தேறுனா விசாவுக்கு எழுதிக் குடுத்துருவாங்க. ஏம்ப்பா மூஞ்சி அப்படிப் போகுது?

– பாய், நான் சைடுக்காரனுங்க.

– அப்படின்னா?

– பதினோரு வருசமா சைடு மட்டுந்தானுங்க அடிக்கறேன். ரெண்டு பக்கமும் ஓவர்லாக் போட்டு அக்கட்டால தள்ளி உட்டுருவேன். கையி வெக்கறது நாச்சிமுத்து. கீழ மடிக்கறதுக்கு ஒரு ஆளு. கழுத்துக்கு மட்டும் கட்டுக் கட்டி ஊட்டுக்குக் குடுத்து உட்டுருவாங்க. முத்தாயி வெச்சுருவா.

– அடப் பாவி. பாரத்துல ‘நானே தைத்தது’ன்னு கையெழுத்துப் போட்டியே.

– திருப்பூருல முழுப் பனியனை ஒருத்தனா யாருங்க தெக்கறாங்க? என்ற கையில வந்து போன பீசு, நான் தெச்சதுன்னுதானுங்க சொல்லுவோம். பொய் சொல்றோமுன்னு நெனைக்கவே இல்லீங்க.

– அழுவற மாதிரி நிக்காதீங்க மாமா. இன்னும் எட்டு நாளு இருக்குது. வந்து என்ற மெஷின்ல உக்காருங்க, நான் சொல்லித் தர்றேன்.

– உக்காந்துட்டேன். சொல்லு.

– பட்டியை மட்டும் இழுத்துப் புடிங்க. துணிய இழுக்காதீங்க. துணிய உடுங்க மாமா. மெதுவா. அய்யோ, நெளிஞ்சு போச்சுங்களே.

– இது தேவலையா பாருங்க பாய்.

– கன்னுக்குட்டி கழுத்துல கயித்தைச் சுத்துன மாதிரி இருக்குப்பா. இது எத்தனாவது?

– ஆறாவதுங்க. மொத அஞ்சை அவ பிரிச்சிட்டிருக்கறா. நமக்கு இந்தக் குடுப்பினை இல்லீங்க பாய். காயிதத்தை மடிச்சு வெச்சிருங்க.

– ஒரு நிமிசம் இரு. தங்கச்சி, நீ ஒரு நாளைக்கு எத்தனை கழுத்து வெப்பே?

– இருநூறு வெப்பனுங்க. கரண்டு நிக்காம இருந்தா இன்னும் எச்சா.

– கேட்டுக்கங்க ரெண்டு பேரும். சட்டத்துல ‘கைத்தொழில் தெரிந்தவர், ஆணோ பெண்ணோ’ன்னு போட்டிருக்கு. நடந்ததை உள்ளபடி சொல்லி இன்னிக்கே தந்தி குடுத்துருவோம். பரீட்சைக்கு முத்தாயி உக்காரட்டும். அவங்க கேக்கறது இந்தக் கையைத்தானே.

– என்ற பேருல விசாவுங்களா? என்ற போட்டோவ ஒட்டி?

– உன் பேருலதான். சம்பளமும் உன் கையிலதான்.

– மாமா, கேட்டீங்களா?

– கேட்டேன் கேட்டேன். பாய், எழுதுங்க. பத்துக் கழுத்து இவளுக்கு ஒரு டீ குடிக்கற நேரமுங்க. எப்படிப் போனா என்னங்க, போறது ரெண்டு பேரும். நான் கூடப் போறவனா இருந்துட்டுப் போறேன். எனக்கு அதுல ஒரு கொறச்சலும் இல்லீங்க.

– நல்ல மனசுப்பா உனக்கு. ஆனா...

– என்னங்க ஆனா?

– கூட வர்றவங்களைப் பத்தி ஒத்தை வரிதான் இருக்கு. ‘தொழிலாளி தன் மனைவியை அழைத்து வரலாம்.’

– புருசனை?

– புருசனைப் பத்திப் பேச்சே இல்லை. திருப்பிப் போட்டும் பாத்துட்டேன். அப்படி ஒண்ணு நடக்கும்னு அவங்களுக்குத் தோணவே இல்லை போல.

– அப்ப வேண்டாங்க. ஏ முத்தாயி, வேண்டாமுன்னு பாய்கிட்டச் சொல்லு.

– பாய், தந்தியில என்ற பேரைத் தெளிவாப் போடுங்க. ஊரு திருப்பூரு மண்ணரைன்னு சேத்திப் போடுங்க. பதினெட்டாந் தேதி காத்தால நான் மெட்ராசுல இருப்பனுங்க.

– முத்தாயி...

– மூணு வருசந்தானுங்களே மாமா. கண்ணை மூடித் தொறந்தா ஓடிப்போயிரும்.