சொட்டு மருந்து

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டருக்கு முதலில் துருப்பிடிப்பது தொண்டைதான். வேலையில் இருந்தவரை "உள்ள போங்க, உள்ள போங்க" என்று ஊரையே விரட்டியவன் நான். வீட்டில் விரட்டக்கூட ஆள் இல்லை. சில நாள் சாயங்காலம் கடையில் வாய் திறந்தால் முதல் சொல் வெறும் காற்றாகத்தான் வரும்.

கீழ் வீட்டு டெய்லரும் தனிக்கட்டைதான். மனைவி இறந்துவிட்டார், மகள் வெளியூரில். கண்ணில் அழுத்தம் என்று சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். கை நடுக்கத்தில் அது கன்னத்தில்தான் விழும். ஒருநாள் படியில் என்னை நிறுத்தி, "கண்டக்டரே, இதக் கொஞ்சம் விட்டுத் தர்றீங்களா? என் கன்னத்துக்குப் பார்வை ரொம்ப நல்லா வந்திடுச்சு" என்றார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் போனேன். அண்ணாந்து முகத்தை என் கையில் கொடுப்பார். என்னை நம்பி அப்படி யாரும் முகம் கொடுத்ததில்லை. பிறகு டீ, பேச்சு, சிரிப்பு. நானே மறந்துபோன கதைகளையெல்லாம் கிண்டிக் கிண்டிக் கேட்டார்.

ஒருநாள் டாக்டர், கண் நன்றாக இருக்கிறது, மருந்தை மட்டும் விடாமல் போட்டுவந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

"மக கூப்பிட்டுட்டே இருக்கா. அங்கயே போயிடலாம்னு இருக்கேன். நீங்க அடிக்கடி வரணும்."

வருகிறேன் என்றேன். 'அடிக்கடி வரணும்' என்று சொல்லிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

மருந்தைக் கொட்டிவிட்டுக் குப்பியில் தண்ணீர் நிரப்பினேன். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்தான். கண்ணில் கிருமி போய்விடக் கூடாதே. பயணம் கொஞ்சம் தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன்.

மாதங்கள் போகப்போக, முதலில் அவர் பார்வையின் ஓரங்கள் இருண்டன. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். பிறகு தையல் மெஷினுக்கே உறை போட்டோம். "கண்ணு தெரியாம மகளுக்குப் பாரமாப் போக மாட்டேன்" என்று அழுதார். நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை. கையைப் பிடித்துத் தெருக்கோடிவரை நடத்திப் போவேன். என் வாழ்வில் நல்ல நாட்கள் என்றால் அவைதான்.

மகள் வந்தாள். "அப்பாவுக்கு நீங்க கூடப் பிறக்காத தம்பி" என்று என் கையைப் பற்றிக்கொண்டாள். மருந்து விட்டும் கண் ஏன் போயிற்று என்று கேட்க, குப்பியோடு டாக்டரிடம் போனதும் அவள்தான்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் விசாரித்தபோதும் டெய்லர் என்னைத் திட்டவில்லை.

"முன்னல்லாம் மருந்து எரியும். அப்புறம் எரியவே இல்ல. அவரு கை அவ்வளவு பதம்னு நெனச்சேன்" என்றார்.

எல்லாம் நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள். மகள் அவரை அழைத்துப் போய்விட்டதாகச் சொன்னீர்கள். புறப்படும்போது என்னைத் தேடியிருப்பார். நான் இல்லாமல் அவரால் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது.