ஏழு பேர் நீங்கலாக

வாழைப்பழம் வாங்கினால் அழுகியதைத் தள்ளிவிட்டுத்தான் எண்ணுவேன். சேலையூர் கேம்ப் ரோட்டில் பழக்கடை வைத்திருக்கும் தனக்கோடி அம்மாவுக்கு இது தெரியும். என்னைக் கண்டதும் சீப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். 'நடந்ததை உங்கள் வார்த்தையில் எழுதிக் கொடுங்கள், டெனிஸ்' என்று விசாரணைக் குழுவில் நீங்கள் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சீப்புதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் வேலை புள்ளியியல். உயிரியல்காரர்கள் மரபணுக்களை அளந்து, எண்களை மூட்டை கட்டி என் மேசையில் இறக்குவார்கள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். இருபதாயிரம் மரபணுக்களை அளக்கத் தெரிந்தவர்களுக்குச் சராசரி என்றால் உதறல் எடுத்துவிடும், பாவம். எங்கள் இயக்குநர் டாக்டர் சாராள்கூட, வரைபடத்தில் கோடு மேலே போனால் நல்லதா கீழே போனால் நல்லதா என்று என் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பார். பதினெட்டு வருடமாக நான் சிரித்தால் அவரும் சிரித்திருக்கிறார்.

நாங்கள் உருவாக்கிய டெஸ்ட் உங்களுக்குத் தெரியும். மார்பகத்திலிருந்து புற்றுக்கட்டியை எடுத்த பிறகு, அதில் ஒரு துணுக்கைச் சோதித்து, அந்தப் பெண்ணுக்குக் கீமோ தேவையா இல்லையா என்று சொல்லும். கீமோ இல்லாமல் தப்பிப்பது சின்ன விஷயமில்லை. முடி கொட்டாது, வாந்தி கிடையாது, மாதக்கணக்கில் சுருண்டு கிடக்க வேண்டாம். நல்ல காரியம் என்று நம்பித்தான் இறங்கினேன். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

டெஸ்ட் சரிதானா என்று பார்க்க, சில வருடங்களுக்கு முன்பே கீமோ இல்லாமல் விடப்பட்ட பெண்களின், உறையவைத்துப் பாதுகாத்திருந்த துணுக்குகளை நாலைந்து மருத்துவமனைகளிலிருந்து வாங்கினோம். அவர்களில் தொண்ணூறு பேருக்குக் கீமோ தேவையில்லை என்றது எங்கள் டெஸ்ட். எண்பத்து மூன்று பேர் உண்மையிலேயே நன்றாக இருந்தார்கள். ஏழு பேருக்கு நோய் திரும்பியிருந்தது. அந்த ஏழு பேரும் பம்மல்காரர்கள்.

பம்மல் துணுக்குகளைக் கொண்டுவந்தவர் எங்கள் லேப் டெக்னீஷியன் அருள்மேரி. அவர் வீடும் பம்மல்தான். அன்றைக்கு நல்ல மழை, லேப் வண்டி கிளம்பவில்லை, அவர் ஐஸ் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். எங்கள் பக்கத்தில் விஞ்ஞானம் அப்படித்தான் வரும், இரண்டு பேருக்கு நடுவே இடித்துக்கொண்டு. ஏழு பேரும் பம்மல் என்று முடிவில் பார்த்ததும் எனக்கு அந்த ஆட்டோதான் நினைவுக்கு வந்தது. வழியில் ஐஸ் உருகியிருந்தால் துணுக்கு கெட்டிருக்கும், கெட்ட துணுக்கு சொல்வதை நம்ப வேண்டியதில்லை. அவரிடமே கேட்டேன்.

"இன்னா சார் இப்படிக் கேட்டுட்டீங்க? பொட்டிய மடியிலயே வச்சுகினு வந்தேன். ஐஸு அப்படியே கீது. பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி டெம்பரேச்சர் எழுதிகீறேன், நோட்டப் பாருங்க."

பார்த்தேன். ஆட்டோ குலுக்கலிலும் முத்து முத்தாக எழுதியிருந்தார். எல்லா அளவும் சரியாக இருந்தது.

நோட்டைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். லேபில் இருந்தால் யாராவது டம்ளர் வைத்துக் கறையாக்கிவிடுவார்கள். பிறகு கட்டுரையில் ஒரு வரி சேர்த்தேன்: 'போக்குவரத்தில் பழுதடைந்த ஏழு மாதிரிகள் நீக்கப்பட்டன.' அதே பெட்டியில் பம்மல் பெண்கள் இன்னும் இருபத்து நான்கு பேரின் துணுக்குகளும் வந்தன. அவற்றை நான் நீக்கவில்லை. அந்தப் பெண்கள் நன்றாக இருந்தார்கள்; நன்றாக இருப்பவர்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? எண்பத்து மூன்றுக்கு எண்பத்து மூன்று. வரைபடத்தில் கோடு கொஞ்சமும் சரியாமல் நேராகப் போயிற்று. அதைப் பார்த்து டாக்டர் சாராள் என்னைக் கேட்காமலே சிரித்த நாள் அது, எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எதைத் தள்ளுவது என்பதை முடிவைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன் என்று பெயர்.

மூன்று வருடம் கழித்து அருள்மேரிக்கே கட்டி வந்தது. அறுவை முடிந்து, அவர் துணுக்கும் எங்கள் லேபுக்கே வந்தது. கீமோ தேவையில்லை என்றது டெஸ்ட். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"சார், நம்ம டெஸ்ட்டு வாணாம்னு சொல்லுது. டாக்டரு, எடுத்துக்கினா நல்லதுன்றாரு. எம் பொண்ணு பிளஸ்ஸிக்கு ப்ளஸ் டூ பரீட்சை வருது, நான் படுத்துட்டா வூட்ல ஒரே பேஜாரு. நீங்க சொல்லுங்க சார். நம்பலாமா?"

அவர் பம்மல் என்பது எனக்கு நினைவிருந்தது. அந்த ஏழு பேரும் நினைவில் இருந்தார்கள். துணுக்கு கெடவில்லையென்றால் பம்மல் பெண்கள் சிலரிடம் எங்கள் டெஸ்ட் தோற்கிறது என்று பொருள். ஏன் தோற்கிறது என்று நான் தேடவில்லை. சந்தேகம் என்று சொன்னால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால் நோட்டைக் கேட்பார். அது என் பீரோவில், என் ஞானஸ்நானச் சான்றிதழுக்குக் கீழே இருந்தது.

"தாராளமா நம்பலாம், அருள்மேரி. நானே போட்ட கணக்கு" என்றேன்.

அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கும் நிம்மதியாக இருந்தது. மறுநாள் ஒரு டப்பா நிறைய முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். நான்கு நாள் வைத்துச் சாப்பிட்டேன்.

பதினாறு மாதத்தில் நோய் ஈரலுக்குப் போயிற்று. பிளஸ்ஸி பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். பம்மல் சர்ச்சில் அடக்க ஆராதனையின்போது நான் அழுதேன். நடிப்பில்லை. சாட்சி வேண்டுமானால் டாக்டர் சாராளைக் கேளுங்கள், கைக்குட்டை கொடுத்தவர் அவர்தான்.

அருள்மேரி எழுதுகிற ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்து வைப்பார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் படங்களைத் தேடி எடுத்து உங்களிடம் கொடுத்தது பிளஸ்ஸிதான். கெட்டிக்காரப் பெண். புள்ளியியல் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு: ஆம், நான்தான் நீக்கினேன். கெடவில்லை என்று தெரிந்தே நீக்கினேன். அருள்மேரியிடம் நம்பலாம் என்று சொன்னதும் தெரிந்தேதான். நோட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன், ஒரு கறைகூட இல்லை.

போன மாதம் நான் அனுப்பிய ஐந்தாண்டு அறிக்கையில் அருள்மேரியின் பெயர் ஏன் இல்லை என்று இரண்டாவதாகக் கேட்டிருக்கிறீர்கள். அவர் எங்கள் லேபில் வேலை பார்த்தவர். சொந்த ஊழியரைக் கணக்கில் சேர்த்தால் பாரபட்சம் என்று எந்தப் புள்ளியியல்காரரும் சொல்வார். எங்கள் டெஸ்ட் மீது யாருக்கும் பயம் வேண்டாம். இந்த ஐந்து வருடத்தில் அதை நம்பிக் கீமோவை விட்டவர்கள், அருள்மேரியும் பம்மலில் இன்னும் நான்கு பேரும் நீங்கலாக, எல்லோரும் நலமாக இருக்கிறார்கள்.