மஞ்சக் கோட்டு

ரகுபதி: அதே பையா? மீன் நாத்தம் அடிக்கும்டா. கப்பல்ல ஏத்த மாட்டாங்க.

மணி: தொவச்சி வச்சிக்கீறேன். நீ பை கட்ட வந்தியா, பேஜார் பண்ண வந்தியா?

ரகுபதி: ரெண்டுக்கும் தான். ரெண்டு வருசம் நம்ம போட்டுல ஒரு ஆளு கம்மி. வலைய இஸ்து இஸ்து என் தோளு தான் கயண்டு போவும். சொல்லு... இன்னா இன்னா எத்துகினு வரச் சொன்னாங்க?

மணி: எத்தினி தபா கேப்ப?

ரகுபதி: கேக்கறதுக்கு கூடவா எனக்கு குட்த்து வைக்கல?

மணி: சரி சரி... கம்பளி சாக்ஸு நாலு. தலையில மாட்ற லைட்டு. மூஞ்சில பூசற களிம்பு. பாஸ்போர்ட்டு...

ரகுபதி: துபாய் போட்டுக்கு போலாம்னு ரெண்டு பேரும் சேந்து எட்தமே, அதுவா?

மணி: அத்தான்.

ரகுபதி: அத்திப்பட்டு பவர்ஹவுஸ் புகைக்கூண்டு கண்ணுக்கு மறஞ்சா கரை எந்தப் பக்கம்னு என்ன தான கேப்ப. நாளைக்கு கொச்சில பாய்க்கப்பல் ஏறி உலகத்த சுத்தப் போற. அங்க யார கேப்ப?

மணி: அங்க மிஷினு கீது.

ரகுபதி: மிஷினு... வவுறு எரியுதுடா மணி. மெய்யாலுமே. கப்பலுக்கு ஆளு எடுக்க காசிமேட்ல டெஸ்டு வச்ச அன்னிக்கு நீ கயிறு எதுனு தெரியாம முயிச்சிகினு நின்ன. பாய இஸ்து கட்னது நானு. அந்த ஃபிர்தௌஸ் கேப்டன் அம்மா தட்னது என் தோள. கூப்டது மட்டும் உன்ன.

மணி: அவங்க இன்னா பாத்தாங்களோ... அத்த வுடு.

ரகுபதி: என்னிக்கு போன் வந்துச்சு?

மணி: சொன்னனே... நீ கடலுக்கு போன வெள்ளிக்கெயம. எனக்கு ஜொரம், வூட்ல கெடந்தேன். என் போனு தான் மொதல்லயே தண்ணில வுயுந்துடுச்சே. ஃபாரத்துல ரெண்டு பேருக்கும் உன் நம்பர் தான குட்த்தோம்.

ரகுபதி: என்னுதும் வுயுந்துடப் போவுதுனு உன்கிட்ட குட்த்துட்டு போனேன். இன்னா கேட்டாங்க?

மணி: மணியானு கேட்டாங்க. ஆமான்னேன். அவ்ளோ தான்.

ரகுபதி: அவ்ளோ தானா?

மணி: அவ்ளோ தான்டா... அந்த மஞ்சக் கோட்ட எட்து குடு. கப்பல்காரங்க பார்சல்ல அனுப்னது.

ரகுபதி: போட்டுக் காட்டு... இன்னாடா, வெரலு வரைக்கும் மூடுது? தோளு தொங்குது?

மணி: உள்ள ஸ்வெட்டர் போடணும்ல.

ரகுபதி: டேப்பு வச்சி ரெண்டு பேருக்கும் அளவு எட்தாங்களே.

மணி: எட்தாங்க... தப்பா தச்சிட்டாங்களோ இன்னாமோ.

ரகுபதி: மணி, என்கிட்ட சொல்றதுக்கு எதுனா கீதா? இப்ப சொன்னா கோச்சிக்க மாட்டேன்.

மணி: ...இல்ல.

ரகுபதி: நல்லா ரோசன பண்ணி சொல்லு.

மணி: ஏன்டா கொடயற? ஒரே ஒரு தபா எனக்குனு ஒண்ணு கெட்ச்சிக்கீது. குப்பத்துல எவன் வாயத் தொறந்தாலும் ரகுபதி, ரகுபதி. பெத்த அம்மா கூட, ரகு கடலுக்கு போனா நீ போ, அவன் போலேன்னா போவாதன்னு தான் சொல்லும். எனக்கும் தான் எரிஞ்சிச்சு. பத்து வயசுலருந்து.

ரகுபதி: அதனால?

மணி: அதனால... ஒண்ணும் இல்ல.

ரகுபதி: சரி. சாக்ஸு, லைட்டு, களிம்பு, பாஸ்போர்ட்டு... வேற எதுனா?

மணி: ரெண்டு ஜோடி கையுறை. இன்னாத்துக்குடா காயிதத்துல எய்திக்கிற?

ரகுபதி: லிஸ்ட்டு உன் புது போனுக்கு தான வந்துச்சு. நேத்து அந்தம்மா என் நம்பருக்கு மறுபடியும் கூப்டுச்சு. ஒடஞ்ச காலு சரியாயிடுச்சா ரகுபதின்னு கேட்டுச்சு. எனக்கு எந்தக் காலும் ஒடயல மேடம்னேன். அப்ப நீயே வா, இன்னொரு எடமும் கீது, மணிய இட்டுகினு வரதா வேணாமானு நீயே சொல்லுன்னுச்சு. இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் கேட்டேன், நீயா வாயத் தொறக்கறியானு பாக்கலாம்னு... கோட்ட கயட்டு மணி. அது என் அளவு.